மடியில் கனமில்லாத பயணம்

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். வழிச்செலவுக்குப் பணம் வேண்டும்; அந்தப் பணமே வழியில் ஆபத்தாகவும் முடியலாம். இந்தச் சிக்கலுக்கு வணிகர்களும் வங்கியாளர்களும் பொறியாளர்களும் பல நூறு ஆண்டுகளாக விடை தேடி வந்திருக்கிறார்கள். இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் கடன் அட்டை, அந்தத் தேடலில் கிடைத்த விடைகளுள் ஒன்று.

இந்த வரலாற்றை எழுத என்னைத் தூண்டியவர் என் பழைய மாணவர் ஒருவர். இளநிலை இயற்பியல் படித்துவிட்டு இப்போது திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். ஜெர்மனியில் துணி வாங்குவோரைச் சந்திக்க நிறுவனம் அவரை அனுப்புகிறது. தங்கும் விடுதி, ரயில், சாப்பாடு எல்லாவற்றையும் அவர் தம் சொந்த அட்டையில் செலவு செய்ய வேண்டும். திரும்பி வந்து ரசீது கொடுத்தால் நிறுவனம் பணத்தைத் தந்துவிடும். அவர் மூன்று அட்டைகளின் விளம்பரத் தாள்களைக் கொண்டுவந்து என் மேசைமேல் பரப்பினார். ஒவ்வொன்றிலும் வெகுமதிப் புள்ளிகள், இலவச விமானப் பயணம் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. "எது சார் நல்ல அட்டை? இது இயற்பியல் கேள்வி இல்லைதான்..." என்று இழுத்தார். "இயற்பியலும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது, வரலாறும் இருக்கிறது. உட்கார்" என்றேன். அன்று அவரிடம் சொன்னவற்றையே இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

உண்டியல் சென்ற தூரம்

உண்டியல் என்றவுடன் இன்று நமக்குக் கோயில் உண்டியல்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் வணிக வழக்கில் உண்டியல் என்பது ஒரு சீட்டு. 'இந்தச் சீட்டைக் கொண்டுவருபவருக்கு இவ்வளவு தொகை கொடுக்கவும்' என்று ஓர் ஊரிலிருக்கும் வணிகர் மற்றோர் ஊரிலிருக்கும் தம் கூட்டாளிக்கு எழுதும் ஆணை அது. கண்டவுடன் பணம் தர வேண்டிய உண்டியலும் உண்டு. குறித்த நாள் கழித்துத் தர வேண்டிய உண்டியலும் உண்டு.

நாட்டுக்கோட்டை நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ரங்கூன், கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் எனப் பல ஊர்களில் கடை வைத்து வட்டித் தொழில் நடத்தினர். ஒரு கடையில் பணம் கட்டி, கடல் தாண்டி இன்னொரு கடையில் பெற்றுக்கொள்ள உண்டியல் பயன்பட்டது. கப்பலில் பணமூட்டை போகவில்லை, தாள்தான் போயிற்று.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உண்டியலில் நகர்வது பணமன்று, செய்தி. 'இவர் நம்பத்தக்கவர், இவருக்கு இவ்வளவு கொடுக்கலாம்' என்னும் செய்தி. அச்செய்தி வழியில் திரிந்துவிடாமலும், போலியாகிவிடாமலும், தவறான ஆளிடம் போகாமலும் இருக்க வேண்டும். அன்றைய உண்டியலுக்கும் இன்றைய சில்லு அட்டைக்கும் இருக்கும் சிக்கல் இது ஒன்றேதான்.

இரண்டு கையெழுத்து

ஐரோப்பாவிலும் இதே வழியில் முயன்றார்கள். 1772-ஆம் ஆண்டில் லண்டனில் ராபர்ட் ஹெரிஸ் என்னும் வங்கியாளரின் நிறுவனம் பயணிகளுக்கெனச் சுற்றுச் சீட்டுகளை வெளியிடத் தொடங்கியது. பல ஐரோப்பிய நகரங்களில் அவற்றைக் காட்டிப் பணம் பெறலாம். நூறாண்டுகளுக்குப் பின், 1874-இல், சுற்றுலாத் தொழிலின் முன்னோடியான தாமஸ் குக் நிறுவனமும் இத்தகைய சீட்டுகளை வெளியிட்டது.

இவற்றோடு கடன் கடிதம் என்னும் முறையும் இருந்தது. உள்ளூர் வங்கி ஒரு கடிதம் எழுதித் தரும். வெளியூர் வங்கி அதைப் பார்த்து, கையெழுத்தை ஒப்பிட்டு, பணம் தந்து, தந்த தொகையைக் கடிதத்திலேயே குறித்துவிடும். பெரிய நகரங்களில் இது நடந்தது. சிற்றூர்களில் அந்தக் கடிதத்தை மதிப்பாரில்லை.

அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் தலைவர் ஜே. சி. ஃபார்கோ ஐரோப்பாவுக்குப் போனபோது இந்தத் தொல்லையை நேரில் பட்டார் என்பர். பெரிய நிறுவனத்தின் தலைவருக்கே இந்தப் பாடு என்றால், சாதாரணப் பயணியின் கதி என்ன? திரும்பி வந்தவர் இதற்கு வழி காணுமாறு மார்செலஸ் பெர்ரி என்னும் தம் அலுவலரிடம் ஒப்படைத்தார். 1891-இல் பெர்ரி கண்ட தீர்வே பயணக் காசோலை.

அதன் தத்துவம் மிக எளியது. வாங்கும்போது வங்கியின் முன்னிலையில் ஒரு கையெழுத்து. செலவழிக்கும்போது கடைக்காரரின் கண்ணெதிரே இன்னொரு கையெழுத்து. இரண்டும் ஒத்துப்போனால் பணம். சரிபார்க்க வேண்டிய செய்தி காசோலையிலேயே இருப்பதால், கடைக்காரர் எந்த வங்கிக்கும் தந்தியடிக்க வேண்டியதில்லை. தொலைந்துபோனால் எண்ணைச் சொல்லி மாற்று வாங்கிக்கொள்ளலாம். இந்த எளிய உத்தி ஏறத்தாழ நூறாண்டுக் காலம் உலகப் பயணிகளைக் காத்தது.

நம் நாட்டுப் பயணிக்கு அந்நாளில் வேறொரு தடையும் இருந்தது. அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையால் வெளிநாடு செல்பவருக்குக் கிடைத்த டாலர் மிகச் சொற்பம். கையில் எட்டு டாலரோடு விமானம் ஏறிய கதையைச் சொல்லும் மூத்தவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் அந்தக் கட்டுப்பாட்டை இன்னும் இறுக்கியது. 1999-இல் இயற்றப்பட்டு 2000 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்துக்குப் பிறகே இந்திய அட்டையை வெளிநாட்டில் தாராளமாக நீட்டும் நிலை வந்தது.

அட்டை பிறந்த கதை

'கடன் அட்டை' என்னும் சொல், பொருள் பிறப்பதற்கு முன்பே பிறந்துவிட்டது. எட்வர்ட் பெல்லமி என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1888-இல் வெளியான தம் எதிர்காலக் கற்பனை நாவலில் இச்சொல்லைக் கையாண்டார். அவர் கற்பனை செய்த 2000-ஆம் ஆண்டு உலகில் ரொக்கப் பணமே இல்லை. நாட்டின் ஆண்டு உற்பத்தியில் ஒவ்வொருவருக்கும் உரிய பங்கு ஓர் அட்டையில் பதிந்து தரப்படும். அது கடன் வாங்கும் அட்டையன்று, பங்கு அட்டை.

நாம் அறிந்த வகை அட்டை 1950-இல் நியூயார்க்கில் வந்தது. ஃபிராங்க் மக்நமாரா என்பவர் தொடங்கிய டைனர்ஸ் கிளப், கெட்டித் தாளில் அச்சிட்ட உறுப்பினர் அட்டையை வெளியிட்டது. உணவு விடுதியில் அட்டையைக் காட்டினால் போதும். விடுதிக்கு நிறுவனம் பணம் கொடுத்துவிடும். உறுப்பினர் மாத முடிவில் நிறுவனத்துக்கு மொத்தமாகச் செலுத்துவார். மக்நமாரா ஒரு விருந்துக்குப் பணப்பையை மறந்துவிட்டுப் போய் வெட்கப்பட்டதால்தான் இந்த எண்ணம் உதித்தது என்று ஒரு கதை உண்டு. அது விளம்பரத்துக்காகக் கட்டிய கதை என்றும் பின்னர் சொல்லப்பட்டது. கதை எப்படியாயினும், அந்த அட்டையை முதலில் விரும்பி வாங்கியவர்கள் ஊர் ஊராகப் போய் வாடிக்கையாளருக்கு விருந்து வைக்கும் விற்பனைப் பிரதிநிதிகள். ஆக, அட்டையின் தொடக்கமே தொழில்முறைச் செலவில்தான் இருக்கிறது.

1958-இல் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் அட்டையை வெளியிட்டது. கலிபோர்னியா மாநிலத்தின் ஃபிரெஸ்னோ நகரில் பாங்க் ஆஃப் அமெரிக்கா ஒரு துணிச்சலான சோதனையில் இறங்கியது. அட்டை வைத்திருப்பவர் இல்லாமல் கடைக்காரர் சேர மாட்டார். கடைகள் இல்லாமல் அட்டையை எவரும் வாங்க மாட்டார். இந்த முடிச்சை அவிழ்க்க, கேட்காமலே 60,000 பேருக்கு அட்டையைத் தபாலில் அனுப்பிவிட்டது அந்த வங்கி! பரிசோதனை வென்றது, ஆனால் விலை கடுமை. நூற்றுக்கு 4 பேர் பாக்கி வைப்பார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் 22 பேர் வைத்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். கேட்காதவருக்கு அட்டை அனுப்பும் வழக்கத்தை அமெரிக்க அரசு 1970-இல் தடை செய்தது. அந்த அட்டையே 1976-இல் விசா என்று பெயர் மாறியது. 1966-இல் வேறு சில வங்கிகள் கூடி அமைத்த சங்கத்தின் அட்டை 1979-இல் மாஸ்டர்கார்டு ஆயிற்று.

எண்ணுக்குள் ஒரு காவலாளி

உங்கள் அட்டையிலுள்ள நீண்ட எண்ணின் கடைசி இலக்கத்துக்கு ஒரு தனி வேலை உண்டு. மற்ற இலக்கங்களைக் காவல் காப்பதே அது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் என்னும் பொறியாளர் 1954-இல் விண்ணப்பித்து 1960-இல் காப்புரிமை பெற்ற முறை இது.

ஒரு சிறிய எடுத்துக்காட்டு. 1234567 என்பது எண் என்று கொள்வோம். வலப்பக்கக் கடைசி இலக்கத்திலிருந்து தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டியுங்கள்: 7, 5, 3, 1 ஆகியவை 14, 10, 6, 2 ஆகும். இரண்டு இலக்கம் வந்தால் அவற்றைக் கூட்டுங்கள்: 14 என்பது 5, 10 என்பது 1. இரட்டிக்காத 6, 4, 2 ஆகியவற்றை அப்படியே விடுங்கள். எல்லாவற்றையும் கூட்டினால் 5+6+1+4+6+2+2 = 26. இதை அடுத்த பத்தின் மடங்காகிய 30 ஆக்க 4 வேண்டும். அந்த 4 தான் காவல் இலக்கம். முழு எண் 12345674.

எண்ணைப் படிக்கும்போது ஓர் இலக்கம் தவறினாலும் கூட்டுத்தொகை பத்தின் மடங்காக வராது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். 09, 90 ஆகிய இணை மட்டும் தப்பித்துக்கொள்ளும். ஏன் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இந்தக் காவலாளி கைத்தவற்றைப் பிடிப்பானே தவிர, கள்வனைப் பிடிக்க மாட்டான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காந்தம் எழுதிய கணக்கு

தொடக்க காலத்தில் கடைக்காரர் அட்டையை ஒரு கருவியில் வைத்து, மேலே கார்பன் தாளை வைத்து உருளையால் தேய்ப்பார். அட்டையில் புடைத்திருக்கும் எண்கள் தாளில் பதியும். தொலைந்த அட்டைகளின் எண்களை அச்சிட்ட பட்டியலைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பெரிய தொகையானால் தொலைபேசியில் கேட்டு அனுமதி பெற வேண்டும். வாங்க வந்தவர் அதுவரை நிற்க வேண்டியதுதான்.

இங்கேதான் காந்தப் பட்டை வந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஃபாரஸ்ட் பாரி என்னும் பொறியாளர் காந்த நாடாவைப் பிளாஸ்டிக் அட்டையில் ஒட்டப் பல பசைகளை முயன்றும் வெற்றி காணவில்லை. வீட்டில் துணி தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிப் பார்க்கலாமே என்றாராம். வெப்பம் நாடாவை உருக்கிப் பிளாஸ்டிக்கோடு பிணைத்துவிட்டது. 1960-களில் நடந்தது இது. 1973-இல் அனுமதி வழங்கும் கணிப்பொறிப் பிணையமும் சேர்ந்துகொள்ளவே, சில நிமிடக் காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது.

அந்தக் கரும்பட்டைக்குள் என்ன இருக்கிறது? இரும்பு ஆக்சைடு போன்ற காந்தப் பொருளின் மிக நுண்ணிய துகள்கள். பட்டையில் மூன்று தடங்கள் உண்டு. இரண்டாம் தடத்தில் ஓர் அங்குலத்துக்கு 75 பிட்டுகள். அதாவது ஒரு பிட்டின் நீளம் சுமார் 0.34 மில்லிமீட்டர். அதில் 40 குறிகள், குறிக்கு 5 பிட்டு வீதம் 200 பிட்டுகள். 200 பிட்டுகளுக்கு வேண்டிய நீளம் சுமார் 68 மில்லிமீட்டர். அட்டையின் நீளம் 85.6 மில்லிமீட்டர். கணக்கு எவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்கிறது பாருங்கள்!

படிப்பது எப்படி? ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல் விதிதான். அட்டையைத் தேய்க்கும்போது காந்தத் திசை மாறும் இடங்கள் படிக்கும் தலையிலுள்ள கம்பிச் சுருளைக் கடக்கின்றன. காந்தப் பாயம் மாறுகிறது. சுருளில் மின்னியக்கு விசை தோன்றுகிறது. அதன் அளவு பாயம் மாறும் வேகத்தைப் பொறுத்தது. அட்டையை அசையாமல் வைத்தால் ஒன்றும் தோன்றாது. அதனால்தான் அட்டையை இழுக்க வேண்டியிருந்தது.

ஆனால் மனிதக் கை ஒரே வேகத்தில் இழுக்காதே? அதற்கும் ஓர் அழகான உத்தி. ஒவ்வொரு பிட்டின் எல்லையிலும் காந்தத் திசை ஒருமுறை மாறும். அந்தப் பிட்டு 1 ஆனால் நடுவிலும் ஒருமுறை மாறும். 0 ஆனால் நடுவில் மாறாது. கருவி நொடிகளை அளக்கவில்லை. முந்தைய இடைவெளியோடு இந்த இடைவெளியை ஒப்பிடுகிறது. வேகமாக இழுத்தாலும் மெதுவாக இழுத்தாலும் விகிதம் மாறாது.

இந்த முறைக்கு ஒரு பெருங்குறை உண்டு. பட்டையில் இருப்பது மாறாத செய்தி. ஒருமுறை படித்தவர் அதை அப்படியே வேறோர் அட்டையில் எழுதிவிடலாம். சாதாரணப் பட்டையைக் காந்தம் அழித்துவிடுவதும் உண்டு.

சில்லு செய்த மாற்றம்

சில்லு அட்டையின் கருத்துக்கு ஜெர்மனியின் ஹெல்முட் குரோட்ரப், யூர்கன் டெத்லாஃப் ஆகிய இருவரும் 1968-இல் காப்புரிமை கோரினர். பிரான்சின் ரோலண்ட் மொரேனோ 1974-இல் தம் காப்புரிமையைப் பதிந்தார். பிரெஞ்சு வங்கிகள் 1990-களின் தொடக்கத்திலேயே தங்கள் அட்டைகளைச் சில்லுக்கு மாற்றிவிட்டன. பிறகு யூரோபே, மாஸ்டர்கார்டு, விசா மூன்றும் சேர்ந்து உலகப் பொதுத் தரம் ஒன்றை வகுத்தன.

சில்லு ஒரு சின்னஞ்சிறு கணிப்பொறி. அதனுள் ஓர் இரகசியத் திறவுகோல் இருக்கிறது. அது வெளியே வருவதே இல்லை. ஒவ்வொரு முறையும் தொகை முதலிய விவரங்களை வாங்கி, திறவுகோலால் கணக்கிட்டு, அந்த ஒரு முறைக்கு மட்டும் செல்லும் புதிய குறியீட்டைத் தருகிறது. அதைத் திருடினாலும் மறுமுறை பயன்படாது. பயணக் காசோலையில் கண்ணெதிரே போட்ட இரண்டாம் கையெழுத்தின் வேலையை இங்கே கணிதம் செய்கிறது.

தொடாமல் காட்டும் அட்டையில் மின்கலம் இல்லை. கருவி 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மாறும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அட்டைக்குள் இருக்கும் சுருளில் பரிமாற்றுத் தூண்டலால் மின்னோட்டம் பிறந்து சில்லை இயக்குகிறது. நீங்கள் பள்ளியில் படித்த மின்மாற்றி இதுவே; இரும்பு உள்ளகம் மட்டும் இல்லை.

இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி வங்கிகள் 2018-ஆம் ஆண்டு முடிவுக்குள் பட்டை அட்டைகளைச் சில்லு அட்டைகளாக மாற்ற வேண்டியிருந்தது. மாஸ்டர்கார்டு நிறுவனம் தன் அட்டைகளில் 2033-க்குள் காந்தப் பட்டையே இராது என்று 2021-இல் அறிவித்தது.

வெகுமதி யாருடைய பணம்?

இனி என் மாணவரின் கேள்விக்கு வருவோம். வெகுமதி என்பது பழைய வணிக உத்தி. அமெரிக்காவில் 1896-இலேயே ஸ்பெர்ரி ஹட்சின்சன் நிறுவனம் கடைகளின் மூலம் பச்சை வில்லைகளைக் கொடுத்தது. புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்தால் பாத்திரமோ விளக்கோ கிடைக்கும். 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பறந்த தூரத்தைக் கணக்கு வைத்து இலவசப் பயணம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. 1984-இல் டைனர்ஸ் கிளப் அட்டைச் செலவுக்கே புள்ளி கொடுத்தது. 1986-இல் டிஸ்கவர் அட்டை செலவில் ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பித் தந்தது. 1987-இல் விமான நிறுவனத்தின் மைல் கணக்கோடு இணைந்த வங்கி அட்டையும் வந்தது.

இயற்பியல் மாணவருக்கு ஆற்றல் அழியாமை விதி தெரியும். ஒன்றுமில்லாததிலிருந்து ஆற்றல் வராது, பணமும் அப்படியே. நீங்கள் அட்டையில் 100 ரூபாய் செலுத்தினால் கடைக்காரருக்கு 100 ரூபாயும் போவதில்லை. ஒரு பகுதியை வங்கிகளும் அட்டைப் பிணையமும் பிடித்துக்கொள்கின்றன. அதிலொரு துண்டுதான் உங்களுக்குப் புள்ளியாகத் திரும்பி வருகிறது. கடைக்காரர் அந்தக் கழிவை எல்லாப் பொருள்களின் விலையிலும் ஏற்றிவிடுகிறார். ரொக்கம் கொடுப்பவரும் அந்த உயர்ந்த விலையையே கொடுக்கிறார். அவருக்குப் புள்ளி இல்லை.

இந்த ஓட்டம் எவ்வளவு? பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010-இல் அமெரிக்கக் குடும்பங்களுக்குக் கணக்கிட்டார்கள். ரொக்கம் பயன்படுத்தும் குடும்பம் சராசரியாக ஆண்டுக்கு 149 டாலர் இழக்கிறது. அட்டை பயன்படுத்தும் குடும்பம் 1,133 டாலர் பெறுகிறது. ரொக்கத்தில் வாழ்பவர் பெரும்பாலும் வருமானம் குறைந்தவர் என்பதை எண்ணிப் பார்த்தால் மனம் உறுத்துகிறது. ஆஸ்திரேலியாவின் மைய வங்கி 2003-இல் வங்கிகளுக்கிடையிலான இந்தக் கட்டணத்தைக் குறைத்தது. அதன்பின் அங்கே அட்டை வெகுமதிகளும் மெலிந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் தனிநபர் கடன் அட்டைகளுக்கு அக்கட்டணத்தை 0.3 சதவீதத்துக்கு மேல் போகாதபடி வரையறுத்தது.

இன்னொரு கேள்வியும் உண்டு. நிறுவனத்தின் பணத்தில் பயணம் செய்து பெற்ற புள்ளி யாருக்குச் சொந்தம்? 2002-இல் ஜெர்மனியில் இது அரசியல் புயலாகவே வீசியது. அலுவல் பயணத்தில் சேர்ந்த விமான மைல்களைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்திய நாடாளுமன்ற உறுப்பினர்களின் பெயர்கள் வெளிவந்தன. கிரெகோர் கீசி என்னும் தலைவர் அதன் காரணமாகப் பெர்லின் மாநில அமைச்சர் பதவியையே துறந்தார். அமெரிக்க அரசோ அதற்குச் சில மாதங்கள் முன்புதான், தன் ஊழியர்கள் அத்தகைய மைல்களைத் தாமே வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் செய்திருந்தது. ஒரே செயல் ஒரு நாட்டில் குற்றச்சாட்டு, இன்னொரு நாட்டில் உரிமை. எனவே பயணத்துக்கு முன்பே நிறுவனத்தின் விதி என்ன என்று எழுத்தில் கேட்டுக்கொள்வதே நேர்மையும் பாதுகாப்பும் ஆகும்.

மூன்று அட்டைகள், ஒரு தாள்

மாணவரையே கணக்குப் போடச் சொன்னேன். எளிமைக்காக மூன்று அட்டைகளுக்கும் அ, ஆ, இ என்று பெயர் வைத்துக்கொண்டோம். ஜெர்மனியில் ஆகும் செலவு ஒரு லட்சம் ரூபாய் என்று கொண்டோம்.

அ அட்டை: அந்நிய நாணயச் செலவுக்குக் கூடுதல் கட்டணம் 3.5 சதவீதம். அது 3,500 ரூபாய். அக்கட்டணத்தின்மேல் 18 சதவீத வரி 630 ரூபாய். ஆக 4,130. 100 ரூபாய்க்கு 4 புள்ளி, புள்ளிக்கு 25 காசு. வெகுமதி 1,000 ரூபாய். நிகர இழப்பு 3,130 ரூபாய்.

ஆ அட்டை: கட்டணம் 2 சதவீதம். வரியோடு 2,360. வெகுமதி 500. நிகர இழப்பு 1,860 ரூபாய்.

இ அட்டை: கூடுதல் கட்டணம் இல்லை, வெகுமதியும் இல்லை. ஆனால் மற்றவற்றுக்கு இல்லாத ஆண்டுச் சந்தா 1,000 ரூபாய். இழப்பு 1,000 ரூபாய்.

விளம்பரத் தாளில் மிகப் பெரிய எழுத்தில் புள்ளிகளை அச்சிட்டிருந்த அ அட்டையே மூன்றிலும் கடைசி! ஆ, இ இரண்டும் சமமாகும் இடம் எது என்று கேட்டேன். செலவில் 1.86 சதவீதம் 1,000 ரூபாய்க்குச் சமமாக வேண்டும். ஆகவே சுமார் 54,000 ரூபாய். ஆண்டுக்கு அதற்கு மேல் வெளிநாட்டில் செலவழிப்பவருக்கு இ, குறைவாகச் செலவழிப்பவருக்கு ஆ. 'நல்ல அட்டை எது' என்பதற்கு ஒற்றை விடை இல்லை. 'இவ்வளவு செலவுக்கு நல்ல அட்டை எது' என்பதற்கே விடை உண்டு.

இதோடு முடியவில்லை. விடுதி தரும் ரசீதில் அந்தக் கூடுதல் கட்டணம் இருக்காது. அட்டையின் மாதக் கணக்குத் தாளில்தான் இருக்கும். ரசீதை மட்டும் பார்த்துப் பணம் தரும் நிறுவனமானால் அந்த 4,130 ரூபாயும் ஊழியர் தலையில் விழும். கணக்குத் தாளையும் இணைத்துக் கேட்க வேண்டும்.

அடுத்தது காலம். அட்டைக்குப் பணம் கட்ட வேண்டிய நாள் முந்தி வந்து, நிறுவனம் தரும் பணம் பிந்தி வந்தால் வட்டி ஓடும். மாதம் 3.5 சதவீதம் என்பது கேட்கச் சிறிதாக இருக்கிறது. வட்டிக்கு வட்டி சேர்ந்தால் ஓராண்டில் 100 ரூபாய் 151 ரூபாயாகும். ஒரே மாதம் தாமதமானாலும் ஒரு லட்சத்துக்கு 3,500 ரூபாய் வட்டி. ஆயிரம் ரூபாய் வெகுமதி அதில் எங்கோ கரைந்துவிடும். கடன் அட்டையில் ரொக்கம் எடுத்தாலோ முதல் நாளிலிருந்தே வட்டி. எனவே முன்பணம் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். மாதச் சம்பளத்தில் வாழும் இளைஞர் ஒருவர் தம் நிறுவனத்துக்கே வட்டியில்லாமல் கடன் கொடுத்து, அந்தக் கடனுக்குத் தாம் வட்டி கட்டுவது என்ன நியாயம்?

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டுக் கடையில் அட்டைக் கருவி சில நேரம் "ரூபாயில் செலுத்துகிறீர்களா, ஈரோவிலா?" என்று கேட்கும். ரூபாய் நமக்குப் பழகிய நாணயம் என்பதால் விரல் அங்கேதான் போகும். ஆனால் அப்போது மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது நம் அட்டைப் பிணையமன்று. அந்தக் கடையின் தரப்பில் உள்ள வங்கியோ நிறுவனமோ. தனக்குரிய இலாபத்தை அந்த விகிதத்திலேயே அது சேர்த்துவிடும். அந்த ஊர் நாணயத்தைத் தேர்ந்தெடுப்பதே பெரும்பாலும் மலிவு. வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கியில் முன்கூட்டியே திறந்து வைப்பதும், இரகசிய எண்ணை மனப்பாடம் செய்வதும், ஒன்று பழுதானால் உதவ இரண்டாவது அட்டையை வேறு பையில் வைப்பதும் நல்லது. ஆளில்லா ரயில் சீட்டுக் கருவி கையெழுத்தை ஏற்காது.

மாணவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். மூன்று வாரம் கழித்து வந்தார். நிறுவனம் பாதித் தொகையை முன்பணமாகக் கொடுத்ததாம். இதுவரை எவரும் கேட்டதில்லை என்பதால்தான் கொடுக்கவில்லை என்றார்களாம். இ அட்டையைத்தான் வாங்கியிருந்தார்.

"விடுதியில் அந்தக் கருவி கேட்டது சார், ரூபாயா ஈரோவா என்று. என்னோடு வந்த பெரியவர் ரூபாயைத் தொடப் போனார். அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன்" என்றார்.

அடுத்த முறை நீங்கள் எங்காவது அட்டையை நீட்டும்போது அதைத் திருப்பிப் பாருங்கள். லூனின் காவல் இலக்கம், பாரி ஒட்டிய காந்தப் பட்டை, குரோட்ரப்பும் மொரேனோவும் கனவு கண்ட சில்லு எல்லாம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்புக்குள் இருக்கின்றன. மடியின் கனம் உண்மையில் குறைந்துவிட்டது. ஆனால் வழியில் பார்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு மட்டும் குறையவில்லை. அதைப் போட ஒரு தாளும் பென்சிலும் பத்து நிமிடமும் போதும்.